தாளில் கண்ட எண்ணும் தாயின் மனமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா நாளில் அர்ச்சனைச் சீட்டு வாங்க வரிசையில் நிற்கும் தாய்மாரைப் பார்த்தால் ஒன்று விளங்கும். பெயரும் நட்சத்திரமும் சொல்லும்பொழுது, அவர்களின் வாயில் முதலில் வருவது பிள்ளையின் பெயர். பிறகு கணவரின் பெயர். தம் பெயரைச் சொல்லப் பலர் மறந்தே போகிறார்கள். அத்தகைய தாய் ஒருத்தியின் கையில் ஒருநாள் பிள்ளையின் இரத்தப் பரிசோதனைத் தாள் வந்து சேர்கிறது. அதில் உள்ளவை எண்கள். சில எண்களின் பக்கத்தில் நட்சத்திரக் குறி. அர்ச்சனைச் சீட்டில் சொன்ன நட்சத்திரம் அவளுக்குத் தெரியும். இந்த நட்சத்திரத்தின் பொருள் தெரியாது. அந்தப் பொருளைப் பற்றியதே இவ்வுரை.

கெடா மாநிலத்துச் சிறுபட்டணம் ஒன்றில் வாழும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். இது குறிப்பிட்ட ஒரு வீட்டின் கதை அன்று; பல வீடுகளில் நிகழ்வதை ஒரு வீட்டில் வைத்துச் சொல்வது. பெயர்கள் வேண்டா.

அந்த வீட்டின் கடைக்குட்டிக்கு வயது ஏழு. தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கிறான். காய்ச்சல் கண்டு எழுந்தபின் முகம் வெளிறியிருப்பதையும், பள்ளி விட்டு வந்ததும் புத்தகப்பையோடு படுத்துவிடுவதையும் தாய் கவனித்தாள். கிளினிக்குக்கு அழைத்துச் சென்றாள். மருத்துவர் இரத்தம் எடுக்கச் சொன்னார். மறுநாள் தாளைப் பார்த்துவிட்டு அவர் கூறியது இது: "சோகை இருக்கிறது, அம்மா. இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். தலசீமியா மரபணுவைத் தாங்கும் பிள்ளையாகவும் இருக்கலாம். இப்பொழுது உறுதியாகச் சொல்ல முடியாது."

மருத்துவர் சொன்ன நான்கு வாக்கியங்களில் தாயின் காதில் தங்கியது ஒரே சொல்: தலசீமியா. மாதந்தோறும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளையை அவள் ஒருமுறை மருத்துவமனையில் கண்டிருக்கிறாள். அன்றிரவு அவள் உறங்கவில்லை. மறுநாள் காலை மாமியார் வருத்தத்தோடு ஒரு சொல் சொன்னார்: "எங்கள் வம்சத்தில் இப்படி ஒருவருக்கும் வந்ததில்லையே, அம்மா." பழிக்கும் எண்ணத்தில் சொன்னதன்று. ஆயினும் அச்சொல் முள்ளாய்த் தைத்தது.

எல்லை யாருடைய எல்லை?

அன்பர்களே, பரிசோதனைத் தாளில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஓர் எல்லை அச்சிடப்பட்டிருக்கும். இன்னதிலிருந்து இன்னதுவரை இயல்பு என்று அது கூறும். அவ்வெல்லை எப்படி வகுக்கப்படுகிறது? நலமாக உள்ள பலரின் இரத்தத்தைச் சோதித்து, அவர்களுள் நூற்றுக்கு 95 பேருக்குப் பொருந்தும் அளவை எல்லையாக வைப்பதே பொதுவான வழக்கம். ஆகவே நலமாக உள்ளவர்களிலேயே இருபதில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை நலமான ஒருவருக்குச் செய்தால், ஏதேனும் ஒன்றாவது எல்லை தாண்டி நிற்க ஏறத்தாழ நூற்றுக்கு 64 வாய்ப்பு உண்டு என்பது கணக்கு. குறி இருப்பதாலேயே நோய் இருக்கிறது என்று ஆகிவிடாது.

மேலும், பிள்ளையின் எல்லை வேறு. பெரியவர்களின் எல்லை வேறு. பிறந்த குழந்தைக்கு ஹீமோகுளோபின் மிக உயர்ந்திருக்கும். இரண்டு, மூன்று மாதமாகும்பொழுது அது இயற்கையாகவே தாழ்ந்து, பின்னர் மெல்ல உயரும். ஐந்து முதல் பதினொரு வயதுவரை உள்ள பிள்ளைக்கு டெசிலிட்டருக்கு 11.5 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. வளர்ந்த ஆணுக்கோ அவ்வெல்லை 13. செவ்வணுவின் சராசரிப் பருமன் பெரியவர்க்கு 80 ஃபெம்டோலிட்டருக்குமேல் இருக்க வேண்டும். ஆனால் இரண்டு முதல் பத்து வயதுவரை, எழுபதோடு வயதைக் கூட்டி வருவதே கீழெல்லை என்று குழந்தை மருத்துவர்கள் கைக்கணக்காகக் கொள்வர். பெரியவர்க்குரிய எல்லையை வைத்துப் பிள்ளையின் தாளைப் படித்தால், இல்லாத குறை இருப்பதாகத் தோன்றும்.

இரத்தம் எடுத்த விதத்தாலும் எண் மாறும். குழாயில் இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், கருவி அவற்றைக் குறைத்தே எண்ணும். அதனாலேயே சில வேளைகளில், மீண்டும் ஒருமுறை எடுத்துப் பார்ப்போம் என்று மருத்துவர் கூறுகிறார். அது கவனமின்மை அன்று, கவனம்.

இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும், அந்தச் சிறுவனின் தாளில் இரண்டு எண்கள் உண்மையிலேயே தாழ்ந்திருந்தன. ஹீமோகுளோபின் 10.4. செவ்வணுவின் பருமன் 64. அவன் வயதுக்கு அது 77-க்குக் குறையலாகாது. ஆகவே இங்கே கேள்வி, குறை உண்டா என்பதன்று. எதனால் வந்த குறை என்பதே.

மலரா, நாரா?

ஹீமோகுளோபின் என்பது இரும்பும் குளோபின் என்னும் புரதமும் சேர்ந்து உருவாவது. மாலை கட்ட மலரும் வேண்டும், நாரும் வேண்டும். மலர் குறைந்தாலும் மாலை சிறுக்கும். நார் குறைந்தாலும் சிறுக்கும். சிறுத்த மாலையைத் தூரத்திலிருந்து காண்பவர்க்கு எது குறைந்தது என்று தெரியாது. இரும்பு குறைந்தாலும் செவ்வணு சிறுக்கிறது. குளோபினை உண்டாக்கும் மரபணுவில் குறையிருந்தாலும் செவ்வணு சிறுக்கிறது. இதுவே மருத்துவரின் தயக்கத்துக்குக் காரணம்.

வேறுபடுத்திக் காணச் சில வழிகள் உண்டு. இரும்புக் குறைவில் செவ்வணுக்களின் எண்ணிக்கையும் பொதுவாகக் குறையும். மரபணுத் தாங்கியின் உடலிலோ அணுக்கள் சிறியவையாயினும் எண்ணிக்கையில் மிகுந்திருக்கும். இதை வைத்து 1973ஆம் ஆண்டில் மென்ட்சர் என்னும் மருத்துவர் எளிய கணக்கு ஒன்றை வெளியிட்டார். செவ்வணுவின் பருமனை, மில்லியனில் சொல்லப்படும் செவ்வணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். விடை 13-க்குக் கீழே இருந்தால் தலசீமியாத் தன்மையின் பக்கமும், மேலே இருந்தால் இரும்புக் குறைவின் பக்கமும் சாயும். அச்சிறுவனின் எண்ணிக்கை 5.2 மில்லியன். 64-ஐ 5.2-ஆல் வகுத்தால் 12.3. தன்மையின் பக்கம் சாய்கிறது. ஆயினும் இது கைகாட்டி மரம் மட்டுமே, ஊர் அன்று.

அடுத்து இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்க்கப்பட்டது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோர்க்கு அது 15-க்குக் கீழே இருந்தால் சேமிப்பு வற்றிவிட்டது என்று பொருள். சிறுவனுக்கு 11. காய்ச்சல் காலத்தில் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டுவது உண்டு. அப்படியிருந்தும் தாழ்ந்திருப்பதால் இரும்புக் குறைவு உறுதியாயிற்று.

அப்படியானால் தலசீமியா இல்லையா? அதற்காக ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காணும் சோதனை செய்யப்பட்டது. பீட்டா தலசீமியா மரபணுவைத் தாங்குவோரிடம் ஹீமோகுளோபின் ஏ2 என்னும் வகை பெரும்பாலும் 3.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். சிறுவனுக்கு 3.4. எல்லைக் கோட்டருகே வந்து நிற்கிறது. இரும்புக் குறைவு அந்த ஏ2 அளவைத் தாழ்த்திக் காட்டவல்லது. எனவே ஆய்வுக்கூடம் எழுதியனுப்பிய குறிப்பு இது: இப்பொழுது முடிவு கூற இயலாது, இரும்புச் சத்தைச் சரிசெய்தபின் மீண்டும் சோதிக்கவும், பெற்றோர் இருவரையும் சோதிக்கவும்.

அந்தக் குறிப்பைப் படித்த தந்தை சினந்தார். "இத்தனை வெள்ளி கட்டிப் பார்த்தும் தெரியவில்லை என்றால் எதற்குச் சோதனை?" என்றார். அவர் சினம் இயல்பானதே. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும், தெரிந்துகொள்ளும் வழியைக் காட்டுவதும் நேர்மையான விடையே. அன்று ஆய்வுக்கூடம் துணிந்து இல்லை என்று எழுதியிருந்தால், அவ்வீட்டில் ஓர் உண்மை இன்னும் ஒரு தலைமுறைக்கு மறைந்தே போயிருக்கும்.

மூன்று மாதக் காத்திருப்பு

மருத்துவர் மூன்று மாதத்துக்கு இரும்பு மருந்து கொடுத்தார். காத்திருக்கும் காலத்தில் பெற்றோர் செய்யும் பிழைகள் சில உண்டு. தாளைத் தூக்கிக்கொண்டு நான்கு கிளினிக்குகளுக்கு அலைவது ஒன்று. முழுத் தகவலும் ஓரிடத்தில் இல்லாமையால் நான்கு விதமான பதில்கள் கிடைக்கும். விரைவில் குணமாகட்டும் என்று மருந்தை இருமடங்காகக் கொடுப்பது மற்றொன்று. இரும்பு மருந்து அளவு மீறினால் சிறுபிள்ளையின் உயிருக்கே ஊறு விளைக்கும். அதைப் பிள்ளையின் கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

அந்தத் தாய் மருத்துவர் சொன்ன அளவையே கொடுத்தாள். மருந்தோடு சிறிது ஆரஞ்சுப் பழச்சாறு கொடுத்தாள். புளிப்புப் பழங்களிலுள்ள சி வைட்டமின் இரும்பை உடல் ஏற்க உதவும். உணவு வேளையில் மகன் பருகிவந்த தேநீரை நிறுத்தினாள். தேநீர் இரும்பைத் தடுக்கும். கீரை, பயறு, முட்டை, நெத்திலி ஆகியவற்றை அவன் விரும்பும் வகையில் சமைத்தாள். மலம் கறுத்துப் போனதைக் கண்டு முதலில் பதறினாள். அது மருந்தின் நிறமே என்று தாதி விளக்கினார். குடற்புழு உண்டா என்பதையும் மருத்துவர் பார்த்தார். தோட்டங்களில் வெறுங்காலோடு நடந்த முந்தைய தலைமுறையினரின் இரத்தத்தைக் கொக்கிப்புழு உறிஞ்சிய வரலாறு இந்நாட்டுத் தமிழர்க்குப் புதிதன்று.

அவள் நேர்ந்துகொண்ட பால்குடமும் இருந்தது. மருந்தும் நேர்த்தியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. வேண்டுதல் மனத்தைத் தாங்கியது. மருந்து உடலைத் தாங்கியது.

பாட்டியின் மாத்திரைப் புட்டி

மூன்று மாதத்துக்குப்பின் வந்த தாளில் ஹீமோகுளோபின் 11.6. ஃபெரிட்டின் 38. பிள்ளையின் முகத்தில் தெளிவு வந்திருந்தது. ஆனால் செவ்வணுவின் பருமன் 66 மட்டுமே. இரும்பு நிறைந்த பின்னும் அணு பெருக்கவில்லை. ஏ2 இப்பொழுது 4.1. தந்தையின் சோதனையில் ஏ2 உயர்ந்திருந்தது; தாயின் சோதனை இயல்பாக இருந்தது. விடை தெளிந்தது. சிறுவனுக்கு இரும்புக் குறைவும் இருந்தது, அது தீர்ந்தது. தந்தை வழியாக வந்த பீட்டா தலசீமியா மரபணுவும் இருந்தது; அது தீரப்போவதில்லை, தீங்கு செய்யப்போவதுமில்லை.

இங்கே ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். மரபணுத் தாங்கி வேறு, நோயாளி வேறு. தாங்கி என்பவர் ஒரு குறையுள்ள மரபணுவையும் ஒரு நல்ல மரபணுவையும் பெற்றவர். அவர் ஓடலாம், விளையாடலாம், எல்லாரையும் போல வாழலாம். சற்றே தாழ்ந்த ஹீமோகுளோபினோடு அவர் வாழ்நாள் இயல்பாகவே செல்லும். இரு பக்கத்திலிருந்தும் குறையுள்ள மரபணுவைப் பெற்ற குழந்தைக்கே கடுமையான நோய் வருகிறது. 1925ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி விவரித்த நோய் அது. அக்குழந்தைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும்; அதனால் உடலில் சேரும் மிகை இரும்பை வெளியேற்ற வாழ்நாள் முழுதும் மருந்தும் வேண்டும்.

பாட்டியும் சோதித்துக்கொண்டார். இளமை முதல் அவருக்குச் சோகைக்காரி என்ற பெயர். கிளினிக் மாறினாலும் கிடைத்த மருந்து மாறவில்லை, இரும்பு மாத்திரை. தீர்ந்தால் மருந்தகத்தில் தாமே வாங்கி விழுங்கிவந்தார். இப்பொழுது தெரிந்தது: அவரும் ஒரு தாங்கி, இரும்புச் சேமிப்போ தேவைக்குமேல் நிறைந்திருந்தது. மாத்திரையை நிறுத்தும்படி மருத்துவர் கூறினார். அன்று மாலை அவர் மாத்திரைப் புட்டியை மருமகளிடம் கொடுத்து, "அன்று சொன்ன சொல்லை மனத்தில் வைத்துக்கொள்ளாதே, அம்மா" என்றார். "நீங்களும் அறியாமல்தானே இத்தனை காலம் விழுங்கினீர்கள், அத்தை" என்றாள் மருமகள். இரத்தத்தில் குற்றவாளி என்று எவரும் இல்லை. மரபணுவை யாரும் விரும்பிப் பெறுவதில்லை, விரும்பிக் கொடுப்பதுமில்லை.

பதினோராவது பொருத்தம்

கதை அங்கே முடியவில்லை. அவ்வீட்டின் மூத்த மகளுக்கு வயது இருபத்தொன்று. அவளை அத்தை மகனுக்கே கொடுப்பது என்று பெரியவர்கள் பேசி வைத்திருந்தனர். இளையவர்கள் இருவருக்கும் அதில் விருப்பம் இருந்தது. தந்தையும் அத்தையும் உடன்பிறந்தோர். ஒரே பாட்டியின் மரபணு இரு கிளையிலும் இறங்கியிருக்கக்கூடும். உறவுக்குள் மணம் முடிக்கும்பொழுது, இருவரும் தாங்கிகளாக இருக்கும் வாய்ப்புக் கூடுவதற்குக் காரணம் இதுவே.

இருவரும் தாங்கிகளாக இருந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. நான்கில் இரு பங்கு தாங்கியாகும் வாய்ப்பு. நான்கில் ஒரு பங்கு எதுவும் இல்லாமல் பிறக்கும் வாய்ப்பு. முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு வராது என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு கருவுக்கும் கணக்குப் புதிதாகவே தொடங்கும்.

சோதித்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று உறவினர் சிலர் தடுத்தனர். தாய் மட்டும் உறுதியாக நின்றாள். "பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பதினோராவதாக இதையும் பார்த்துவிடுவோம்" என்றாள். பார்த்தார்கள். மகள் தாங்கி, அத்தை மகனோ தாங்கி அல்லர். அவரிடம் ஹீமோகுளோபின் ஈ என்னும் வகையும் இல்லை. தென்கிழக்காசியாவில் பரவலாகக் காணப்படும் அந்த வகை, பீட்டா தலசீமியாவோடு சேர்ந்தாலும் நோய் தரும். ஆகவே அதையும் பார்ப்பது முறை. பிறக்கும் பிள்ளைகளுள் சிலர் தாங்கிகளாகலாம். கடுமையான நோய் வராது. திருமணம் முடிவாயிற்று.

விடை வேறாக இருந்திருந்தால்? அப்பொழுதும் வாசல் அடைபடுவதில்லை. மரபணு ஆலோசனை உண்டு. கருவிலேயே அறியும் சோதனை உண்டு. முடிவு அவ்விருவருக்கே உரியது. ஆனால் அறிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

ஆல்ஃபா தலசீமியா என்னும் மற்றொரு வகையைத் தாங்குவோரிடம் ஏ2 உயராது. செவ்வணு சிறுத்திருந்து, இரும்பும் நிறைந்து, ஏ2-வும் இயல்பாக இருந்தால், மரபணுச் சோதனையே விடை கூறும். ஆகவே ஏ2 இயல்பு என்றவுடன் கோப்பை மூடிவிடலாகாது.

மலேசியாவில் 2016ஆம் ஆண்டு முதல் படிவம் நான்கு மாணவர்க்குப் பெற்றோர் இசைவோடு தலசீமியாச் சோதனை நடத்தப்பட்டு வருகிறது. சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு முதல் தேசியத் தலசீமியாப் பதிவகம் இயங்குகிறது. பள்ளியிலிருந்து வரும் இசைவுப் படிவத்தைக் கையொப்பமிடாமல் மேசையறையில் போட்டுவிடும் பெற்றோர், பிள்ளைக்கு எளிதாகக் கிடைக்கவிருந்த ஓர் அறிவை இழக்கச் செய்கின்றனர்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

தெளிவில்லாத தாள் கைக்கு வந்தால் மருத்துவரிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். இந்த எல்லை பிள்ளையின் வயதுக்குரியதா? முன்பு எடுத்த தாளோடு ஒப்பிட்டால் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா? காய்ச்சலோ மருந்தோ இதை மாற்றியிருக்கக்கூடுமா? அடுத்த சோதனை எது, எப்பொழுது? விடைகளைத் தாளின் பின்புறத்திலேயே எழுதிவைத்தல் நன்று. பழைய தாள்களைத் தூக்கி எறியலாகாது. பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறையில் வைத்துக் காக்க வேண்டும்.

காத்திருக்கக்கூடாத வேளைகளும் உண்டு. பிள்ளை மிகவும் வெளிறி மூச்சு வாங்கினால், அடிபடாமலே உடலில் கன்றிய தடங்களோ சிவந்த புள்ளிகளோ தோன்றினால், இரத்தக் கசிவு நிற்காவிட்டால், காய்ச்சல் நீங்காமல் உடல் மெலிந்தால், எலும்பு வலியால் இரவில் அழுதால், அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்து குறைந்திருந்தாலும் தாமதம் ஆகாது. டிங்கிக் காய்ச்சல் உலவும் நாட்டில், காய்ச்சலோடு தட்டணு குறைவதை வீட்டிலேயே ஆராய்ந்துகொண்டிருப்பது பேராபத்து.

நிறைவாக ஒன்று. ஆலய மண்டபங்களில் இரத்த தான முகாம்கள் நடைபெறும் வழக்கம் நம் சமூகத்தில் உண்டு. அங்கே தகுதியுள்ள ஒருவர் கொடுக்கும் ஒரு பை இரத்தம், தலசீமியா நோயோடு வாழும் ஏதோ ஒரு பிள்ளையை அடுத்த சில வாரங்களுக்குப் பள்ளிக்கு அனுப்பும். அப்பிள்ளை எவ்வினம், எச்சமயம் என்று அந்தப் பை கேட்பதில்லை. அந்தச் சிறுவனின் தாய் பால்குடம் எடுத்து முடித்தாள். அதன்பின் நடந்த முகாமில் வரிசையில் நின்றாள். படிவத்தில் பெயர் கேட்டபொழுது, வழக்கத்தால் மகனின் பெயரைச் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, முதன்முறையாகத் தன் பெயரைச் சொன்னாள்.

எல்லாரும் நலமுடன் வாழ இறையருள் துணை நிற்பதாக.